முதுசமும் மோட்கேஜும்: யாழ்ப்பாணம் கற்ற பணத்தின் ஆங்கிலம்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் பழமொழி. கோறணமேந்து என்பது அரசாங்கத்துக்கு எங்கள் முன்னோர் வைத்திருந்த பெயர். அரசாங்க உத்தியோகத்துக்கு வாயில் ஆங்கிலம் என்பதால், குடாநாட்டின் ஆங்கில மோகத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இந்தப் பழமொழியை ஒருமுறை எடுத்து வைத்துவிட்டே மேலே செல்வார்கள். நானும் விலக்கல்ல. ஆனால் அவர்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாகப் பணத்துக்காகக் கற்ற அந்த ஆங்கிலத்தில், பணத்தைப் பற்றிய ஆங்கிலம் எவ்வளவு இருந்தது?

பணம் பற்றிய சொற்களுக்கு நம்மிடம் பஞ்சம் இருந்ததில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில், ஆளுநர் சைமன்ஸ் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் திரட்டி 1707இல் ஒப்படைத்த தேசவழமைத் தொகுப்பைப் பார்த்தால் இது விளங்கும். பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதைப் பரிசீலித்துச் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். தந்தைவழி வந்த சொத்து முதுசம். பழைய உருவம் முதுசொம், 'சொம்' என்றால் சொத்து. பெண் கொண்டுவருவது சீதனம். கணவனும் மனைவியும் மணவாழ்வில் ஈட்டுவது தேடிய தேட்டம். நிலத்தை ஒற்றி வைத்தால் கடன் கொடுத்தவர் அதை ஆண்டு அனுபவிப்பார், விளைச்சலே வட்டி. காணி விற்பனைக்கு வந்தால் உரித்தாளருக்கும் அயலவருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். ஒரு குடும்பத்தின் நிதி முழுவதையும் இந்தச் சொற்களுக்குள் அடக்கிவிடலாம்.

ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் இதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். அதன் பின் நடந்ததுதான் வேடிக்கை. முதுசம், சீதனம், தேடிய தேட்டம், ஒற்றி ஆகியவற்றுக்கு நேரான ஆங்கிலச் சொல் கிடைக்காததால் அவற்றை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். இலண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்த நீதிபதிகள் எங்கள் ஊர்க் கிழவிகளின் சொற்களை வாய்க்குள் உருட்டித் தீர்ப்பு எழுத நேர்ந்தது. அந்த ஒரு துறையில் மட்டும் ஆங்கிலம் தமிழிடம் பாடம் கேட்டது என்று சொல்லலாம்.

மற்றத் துறைகளில் பாடம் எதிர்த்திசையில் நடந்தது. 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், தருக்கம் என்று உயர்ந்த தரத்தில் அங்கே கற்பித்தார்கள். 1855இல் அது மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் தலைவர் ரூபஸ் அன்டர்சன் கண்ட குறைகளில் முக்கியமானது, மாணவர் ஆங்கிலம் கற்பது சமயப் பணிக்காக அல்ல, சம்பளத்துக்காக என்பது. உண்மைதான். ஆனால் சம்பளத்துக்காகக் கற்பது குற்றம் என்ற எண்ணம் கற்பித்தவருக்கு இருந்ததேயன்றிக் கற்றவருக்கு இருந்ததில்லை. 1872இல் அங்கேயே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. சைவத்தையும் தமிழையும் காக்கப் புறப்பட்ட ஆறுமுக நாவலரே அதே 1872இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கவேண்டி வந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். பணமின்மையால் அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று.

வட்டுக்கோட்டையில் பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நடத்திய முதலாவது பட்டத் தேர்வில் தேறியவர். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் என்றே அவரை நாம் கொண்டாடுகிறோம். அவர் 'தினவர்த்தமானி' பத்திரிகையை நடத்தினார் என்பதில் எங்கள் தொழிற்காரருக்குத் தனிப் பெருமை. அவருக்குச் சோறு போட்டதோ சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலை. பகலில் ஆங்கிலக் கணக்கு, இரவில் தமிழ் ஏடு. அந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும் எண்ணம் அக்காலத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மருத்துவத்துக்கு மானிப்பாயில் சாமுவேல் கிறீன் கிடைத்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களை மொழிபெயர்த்தார், சொற்களை ஆக்கினார். பணத்துக்கு ஒரு கிறீன் கிடைக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் இரயில் பாதைகள் பெருகின. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் இரயில் ஓடிற்று. நிலைய அதிபர், எழுதுவினைஞர், நில அளவையாளர், திறைசேரிக் கணக்காளர் என்று யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறினார்கள். அவர்கள் அனுப்பிய மணியோடர்களால் குடாநாட்டில் ஓலைக்கூரைகள் ஓட்டுக்கூரைகளாயின; சீதனமும் காணி விலையும் ஏறின. அவர்களோடு சில சொற்களும் வந்தன. இன்கிறிமென்ட், புரொவிடன்ட் பண்ட், இன்சூரன்ஸ், பென்ஷன். இலங்கையில் உத்தியோகம் பார்த்தவர் வீடுகளில் 'டபிள்யூ அன்ட் ஓ.பி.' என்ற சொல் புழங்கிற்று. 1898ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் ஏற்பட்ட விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நிதி அது. எழுத்தறியாத ஆச்சிமாரும் அதைப் பிசகின்றிச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

இந்தச் சொற்பட்டியலைச் சற்று உற்றுப் பாருங்கள். எல்லாமே சம்பளம் வாங்குபவனின் சொற்கள். பங்கு, மூலதனம், தள்ளுபடி செய்த உண்டியல், கடன் உறுதிப்பாடு ஆகியவற்றுக்கான ஆங்கிலம் அதில் இல்லை. அதே கோலாலம்பூரில், அதே வீதியில், செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் வட்டிக்கடையில் பாயில் அமர்ந்து கைப்பெட்டியின் மீது பேரேட்டை விரித்துத் தமிழில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள். பர்மா, மலாயா, இலங்கை மூன்றிலும் வங்கிக்கும் உள்ளூர்க் கடனாளிக்கும் நடுவே நின்ற பெருமூலதனம் அவர்களுடையது. ஆங்கிலம் நன்கறிந்த நம்மவர் பிறருடைய பணத்தை ஆங்கிலத்தில் எண்ணினார். முதலாளியான செட்டியார் தம்முடைய பணத்தைத் தமிழில் எண்ணினார். நம்மவரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மணியோடர் இல்லாதிருந்தால் என்னைப் போன்ற பலர் பள்ளிக்கூட வாசலைக் கண்டிருக்கமாட்டோம். ஆனால் 'ஆங்கிலம் படித்தால் பணம்' என்ற நம்பிக்கை அரை உண்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலாயாப் பணம் ஊரில் காணியாக மாறியபோது மொழிச் சிக்கல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, காணி கைமாறவேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் முடிக்கவேண்டும், வாய்ச்சொல் செல்லாது. உறுதி தமிழில் இருக்கும். வழக்கு ஆங்கிலத்தில் நடக்கும். இடையில் பிரக்கிராசியாரும் துவிபாஷகரும் நிற்பார்கள். கோலாலம்பூரில் குடியிருப்பவர் தேசவழமைக்கு உட்பட்டவரா? அங்கே உழைத்த பணத்தில் இங்கே வாங்கிய காணி தேடிய தேட்டமா? 1806ஆம் ஆண்டு ஒழுங்குவிதி 'யாழ்ப்பாண மாகாணத்து மலபார் குடிகள்' என்று சொல்லிவிட்டுப் போனதால், அந்தத் தொடருக்குப் பொருள் காண்பதிலேயே வழக்குகள் நீண்டன. தன் வீடு யாருக்கு என்று ஆங்கிலத்தில் வாதிப்பதை, ஒரு சொல்லும் விளங்காமல் மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் பலர். 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தேடிய தேட்டத்துக்குப் புதிய வரைவிலக்கணம் கொடுத்தது. மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றுவதற்கும் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. சீதனம் அவளுடையது, கையொப்பம் அவனுடையது.

பணத்துக்குத் தமிழ்ச் சொல் ஆக்கும் வேலை பள்ளிப் பாடமொழி தாய்மொழிக்கு மாறிய பிறகே முறையாகத் தொடங்கியது. ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களத்தை மட்டும் அமர்த்திய 1956ஆம் ஆண்டுச் சட்டம் கோறணமேந்துக் கதவை மூடிக்கொண்டிருந்த அதே காலத்தில், தமிழில் வணிகக் கல்வி வளர்ந்தது ஒரு முரண். அப்போது உருவான சொற்களில் சில அருமையானவை. தமிழ்நாட்டு நண்பர்கள் 'இருப்புநிலைக் குறிப்பு' என்பதை நாங்கள் 'ஐந்தொகை' என்போம். முன் இருப்பு, வரவு, கூட்டுத்தொகை, செலவு, மீதி என்று ஐந்து தொகைகளைக் காட்டிய பழைய தமிழ்க் கணக்கின் பெயரையே புதிய கணக்கியலுக்குச் சூட்டினார்கள். செலுத்தவேண்டியதாகியும் இன்னும் செலுத்தாத செலவு 'அட்டுறு செலவு'. திரும்பி வருமோ என்று ஐயப்படும் கடனுக்கு ஒதுக்குவது 'ஐயக்கடன் ஏற்பாடு'. வராதென்று தெரிந்துவிட்டால் 'அறவிடமுடியாக் கடன்'.

இவற்றின் அருமை எனக்குத் தெரிந்தது கொழும்பில் நாளிதழ் அலுவலகத்தில், வரவு செலவுத் திட்ட இரவுகளில். நிதியமைச்சரின் உரை ஆங்கிலத்தில் கட்டாக வந்து விழும். அச்சுக்குப் போக நான்கு மணித்தியாலம் இருக்கும். உரையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துப் பங்கிட்டுக்கொள்வோம். சொல் முட்டினால் அகராதியைத் தேடமாட்டோம். எங்களோடு பணியாற்றிய, முன்னர் வணிகபாட ஆசிரியராக இருந்த வடமராட்சிக்காரர் ஒருவரின் மேசைக்கே போவோம். மாணவனுக்குச் சொல்வதுபோல முதலில் பொருளை விளக்குவார், பிறகே சொல்லைத் தருவார். அந்த ஒழுங்கு பின்னாளில் எனக்குப் பலவிடங்களில் கைகொடுத்தது.

போரும் இடப்பெயர்வும் வந்தபின் அடுத்த தலைமுறை மீண்டும் பணத்தின் ஆங்கிலத்தைக் கற்றது. இம்முறை ரொறன்ரோவிலும் இலண்டனிலும். அங்கே மோட்கேஜ் என்ற சொல் வீட்டுத் தமிழாகிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் அதை ஒற்றி என்று விளங்கிக்கொள்கிறார்கள். ஒற்றியில் வீடு கடன் கொடுத்தவரின் கையில், மோட்கேஜில் கடனாளியின் கையில். சரியான சொல் ஈடு.

குடாநாட்டில் எஞ்சியவர்களின் கதை வேறு. 2009இல் ஏ-9 வீதி திறந்ததும் அதன் வழியே குத்தகை நிறுவனங்களும் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கி, வாரந்தோறும் அறவிட்டார்கள். அந்த வலி எவ்வளவு முற்றியது என்பதற்கு, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்குச் சிறுகடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வந்ததைச் சொன்னால் போதும்.

அந்தக் காலத்தில் வடமராட்சியில் ஒரு பெண்மணி தம் கடன் ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார். ஆங்கிலத்தில் நான்கு பக்கம், தமிழில் ஒரு பக்கம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஓர் இலட்சம் ரூபாய், வட்டி 20 வீதம், ஓர் ஆண்டு, மாதம் 10,000 ரூபாய். தமிழ்ப் பக்கத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 20 வீதம் குறைந்து செல்லும் மீதிக்கு அல்ல, முதற்தொகை முழுவதற்கும் என்ற வசனம் ஆங்கிலப் பக்கத்தில் மட்டுமே இருந்தது. மாதாமாதம் முதலும் திரும்பிப் போவதால், மீதியின் மீது கணக்கிட்டால் ஆண்டு வட்டி சுமார் 35 வீதம்.

அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். "பாதி முதல் குடுத்து முடிஞ்ச பிறகும் முழு முதலுக்கும் வட்டி எடுக்கினம் போலை கிடக்கு. அப்பிடித்தானே ஐயா?" என்று கேட்டார். ஆம் என்றேன். வடமராட்சி ஆசிரியர் சொல்லித்தந்த முறையில், பன்னிரண்டு வரிகளில், மாதம் எவ்வளவு முதல், எவ்வளவு வட்டி, எவ்வளவு மீதி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டிப் பார்த்தார். பிறகு அதை மடித்துக் கடன் அட்டைக்குள் வைத்துக்கொண்டு, குழுவில் உள்ள மற்றவர்களுக்குக் காட்டவேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டார். செவ்வாய்க்கிழமை கூட்டம்.