நிறையும் வேகமும்: இரு கரைகளின் இயக்கவியல் சொற்கள்

சீரான வேகத்தில் வட்டப் பாதையில் சுற்றும் பொருளுக்கும் முடுக்கம் உண்டு. தமிழ்நாட்டு மாணவருக்கு இது பழகிய பாடம். இதே வரியை யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவர் பார்த்தால் பிழை என்பார்; அவர் சொல்வதும் சரியே. அவருடைய பாடநூலில் வேகம் என்பது திசையையும் சேர்த்துக் குறிக்கும் அளவு. திசை கணந்தோறும் மாறும்போது வேகம் எப்படிச் சீராக இருக்கும்? நாம் வேகம் என்பதை அவர் கதி என்கிறார். நம்முடைய திசைவேகமே அவருக்கு வேகம்.

இரு கரைகளிலும் சொற்கள் வேறுபடுவது எனக்குக் கவலை தருவதில்லை. விசை, வேலை, உந்தம் ஆகியவை பொது. முடுக்கம் அங்கே ஆர்முடுகல், ஆற்றல் சக்தி, திறன் வலு, நிலைமம் சடத்துவம். தெரியாத சொல்லைக் கண்டவர் நின்று பொருள் கேட்பார். தெரிந்த சொல்லே வேறு பொருளில் வந்தால் கேட்க வேண்டும் என்றே தோன்றாது. நிறை அத்தகையது: இங்கே பொருளின் அளவு, அங்கே புவி அதை இழுக்கும் விசை. பொருளின் அளவை அங்கே திணிவு என்பர்; இழுக்கும் விசையை இங்கே எடை என்பர்.

அலகு காட்டிக்கொடுத்துவிடுமே என்பார்கள். 25 கிலோகிராம் அரிசி மூட்டையைப் புவி ஏறத்தாழ 245 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. அலகைப் பார்த்தால் எது எதுவெனத் தெரியும். உண்மைதான். ஆனால் கதிக்கும் திசைவேகத்துக்கும் அலகு ஒன்றே, நொடிக்கு இத்தனை மீட்டர். அங்கே அலகு கைகொடுக்காது.

அப்படியானால் யார் விட்டுக்கொடுப்பது? நிறுத்து அறிவது நிறை என்பதால் ஈழ வழக்கு வேருக்கு நெருக்கமானது எனலாம். ஆனால் இரு தட்டுத் தராசு ஒப்பிடுவது பொருளின் அளவைத்தான். நிலவுக்குக் கொண்டுபோனாலும் தட்டுகள் சமமாகவே நிற்கும். ஆகவே தமிழ்நாட்டு வழக்குக்கும் நியாயம் உண்டு. இருவரிடமும் நியாயம் இருப்பதால், மோதும் இரண்டு சொற்களையும் பாடநூலிலிருந்து விடுவித்துப் பேச்சுவழக்குக்கே தந்துவிடலாம் என்பது என் கருத்து. அவற்றின் இடத்தில் திணிவு, எடை, கதி, திசைவேகம் என்ற நான்கும் போதும். இரண்டு அவர்களுடையவை, இரண்டு நம்முடையவை. கதி என்றால் தலைவிதி நினைவுக்கு வருமே என்று தயங்க வேண்டியதில்லை. இசையிலும் நடனத்திலும் அது ஓட்டத்தின் பெயராக வழங்கிவருகிறது. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்கு மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த விபுலானந்த அடிகளே தலைமை ஏற்றார் என்பதால், இக்கூட்டு முயற்சி புதியதும் அன்று. முதல் வரியை இனி இப்படி எழுதிப் பார்க்கலாம்: சீரான கதியில் வட்டமிடும் பொருளின் திசைவேகம் மாறிக்கொண்டே இருக்கிறது.