ரேணுகா ராம்நாத்: தனியார் பங்கு முதலீட்டில் தடம் பதித்த தலைமை

இந்தியத் தனியார் பங்கு முதலீட்டுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவர் ரேணுகா ராம்நாத். மும்பையில் ஜவுளிப் பொறியியலும், பின்னர் மேலாண்மையும் பயின்ற இவர், 1986-ஆம் ஆண்டு ஐசிஐசிஐ நிறுவனத்தில் சேர்ந்தார். வணிக வங்கியியல் உள்ளிட்ட பல பிரிவுகளில் பணியாற்றிய பின், 2001-இல் ஐசிஐசிஐ வென்ச்சர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

தனியார் பங்கு முதலீடு என்பது, ஓய்வூதிய நிதியங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவற்றிடம் நீண்டகாலப் பணத்தைத் திரட்டி, வளரும் நிறுவனங்களின் பங்குகளை வாங்குவதாகும். சில ஆண்டுகள் அந்நிறுவனத்தின் நிர்வாகத்துக்குத் துணைநின்று, மதிப்பு உயர்ந்ததும் பங்குகளை விற்று, லாபத்தை முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பர். ஈட்டுறுதி பெற்றுக் கடன் கொடுப்பது வங்கியின் வழி. இங்கோ நிறுவனம் நலிந்தால் இழப்பும் முதலீட்டாளரையே சேரும்.

இதன் இரு முகங்களையும் தமிழகம் கண்டுள்ளது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நீர்ச் சுத்திகரிப்பு நிறுவனமான வி.ஏ.டெக் வபாக்கை, அதன் இந்திய நிர்வாகக் குழுவினரே 2005-இல் வாங்குவதற்கு ஐசிஐசிஐ வென்ச்சர் நிதியளித்தது. இரண்டு ஆண்டுகளில் அந்நிறுவனம் ஆஸ்திரியாவிலிருந்த தன் தாய் நிறுவனத்தையே கையகப்படுத்தியது. 2010-இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நெம்மேலி கடல்நீர் ஆலையை நிறுவியதும் இந்நிறுவனம்தான்.

மறுபுறம், சென்னையில் தொடங்கி நாடெங்கும் ஏறத்தாழ 1,600 கடைகளாக விரிந்த சுபிக்ஷா சில்லறை விற்பனை நிறுவனத்திலும் ஐசிஐசிஐ வென்ச்சர் சுமார் 23 விழுக்காடு பங்கு வைத்திருந்தது. வேகமான விரிவாக்கத்துக்கு ஈடாக மூலதனம் கிடைக்காமல் 2009-இல் அக்கடைகள் மூடப்பட்டன. ஊழியர்கள் வேலையிழந்தனர், முதலீடும் கரைந்தது.

உலக நிதி நெருக்கடி நீடித்த அதே 2009-இல், ரேணுகா ராம்நாத் அப்பொறுப்பிலிருந்து விலகி, மல்டிபிள்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பெருவங்கியின் பின்புலம் இல்லாத நிலையிலும், கனடா ஓய்வூதியத் திட்ட முதலீட்டு வாரியம் உள்ளிட்டோரின் ஆதரவுடன் முதல் நிதியத்துக்குச் சுமார் 40 கோடி டாலர் திரட்டினார். ஐசிஐசிஐ வென்ச்சரில் இருந்தபோது முதலீடு செய்த பி.வி.ஆர் திரையரங்க நிறுவனம் 2012-இல் சினிமேக்ஸை வாங்க முனைந்தபோது, மல்டிபிள்ஸ் மூலம் மீண்டும் அதற்கு நிதி வழங்கினார். இந்திய எரிசக்திச் சந்தை, டெலிவரி, வாஸ்து வீட்டுவசதி நிதி நிறுவனம் ஆகியவற்றிலும் மல்டிபிள்ஸ் முதலீடு செய்தது.

இந்தியத் தனியார் பங்கு மற்றும் துணிகர முதலீட்டுச் சங்கத்தின் தலைவராகவும், டாடா கம்யூனிகேஷன்ஸ் இயக்குநர் குழுவின் தலைவராகவும் அவர் பொறுப்பு வகித்துள்ளார். தொழில்முனைவோர் முதலீட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, பங்கின் விலையோடு, நெருக்கடியில் அவர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதையும் எடைபோட வேண்டும் என்பதையே இவ்விரு அனுபவங்களும் உணர்த்துகின்றன.