தாம்பரம் வட்டாரச் சுகாதார நிர்வாகம்

பரங்கிமலை தொடங்கிப் பல்லாவரம், தாம்பரம் வரை ரயில் பாதையை ஒட்டி அமைந்த ஊர்களில் குடிநீர், சாக்கடை, குப்பை ஆகியவற்றுக்குப் பொறுப்பாளர் யார், அவற்றின் செலவை எவர் தாங்குவது என்பன பற்றி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு நடந்துவரும் ஸ்தல ஸ்தாபன விவகாரத்தின் வரலாறு. அதற்கு முன்னர் ஏரி குளங்களைப் பேணுவது ஊராரையும் மானியம் பெற்ற கிராம ஊழியரையும் சார்ந்ததாக இருந்தது.

விவகாரத்தின் தோற்றுவாய் ராணுவம். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் துருப்புகளின் சுகாதார நிலையை ஆராய 1859-இல் அமைந்த ராயல் கமிஷன், ஆண்டுதோறும் ஆயிரம் சிப்பாய்களில் 69 பேர் மாண்டுவந்ததாக 1863-இல் அறிக்கை வெளியிட, மறு ஆண்டிலேயே சென்னை மாகாணத்துக்குச் சுகாதாரக் கமிஷன் ஒன்று நியமிக்கப்பட்டதோடு, கண்டோன்மென்ட் எனும் ராணுவக் குடியிருப்புகளின் எல்லைக்குள் துப்புரவு விதிகளை வகுக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாகிய பரங்கிமலையும், பக்கத்திலிருந்த பல்லாவரமும் கண்டோன்மென்டுகளாதலின், அவற்றின் எல்லைக்கல்லுக்கு உட்புறம் விதியும் அதை நடத்தும் அதிகாரியும் ஏற்பட்டனர். வெளிப்புறத்தில் இருந்த சைதாப்பேட்டை தாலுகாக் கிராமங்களுக்கோ அவ்விரண்டும் இல்லை. வாந்திபேதி எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை என்பதை அக்காலத்து மருத்துவ அதிகாரிகளும் அறிந்தேயிருந்தனர்.

கிராமங்களுக்கெனப் பணம் திரட்டும் ஏற்பாடு 1871-ஆம் ஆண்டு ஸ்தல நிதிச் சட்டத்தால் வந்தது. நிலத்தின் மீது விதிக்கப்பட்ட செஸ் வரியின் பெரும்பகுதி சாலைகளுக்கே ஒதுக்கப்பட, கிணறு, குளம், துப்புரவு ஆகியவை மீதத்தைப் பங்கிட்டுக்கொண்டன. பள்ளிக்கூடங்களுக்காக அதே சட்டம் அனுமதித்த வீட்டு வரி ஜனங்களின் கடும் வெறுப்புக்கு இலக்காகிக் கைவிடப்பட்டமையால், வீட்டு வரி என்ற பெயரே கிராமத்தாருக்குக் கசந்துபோயிருந்த நிலையில்தான், ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்தை அடியொற்றி வந்த 1884-ஆம் ஆண்டுச் சட்டம், ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, இவற்றின் அடியில் ‘யூனியன்’ என மூன்று படிகளை அமைத்து, அடிப்படியின் செலவுக்கு மீண்டும் வீட்டு வரியையே காட்டியது. கிராம முன்சீபுகள் பதவி வழியில் யூனியன் பஞ்சாயத்தில் அமர்ந்தனர். தெருவைப் பெருக்குவதும், விளக்கேற்றுவதும், சாக்கடை திறப்பதும் அவர்கள் கடமை. பகலில் சர்க்காருக்குத் தீர்வை தண்டும் அதே மனிதர் மாலையில் தெருவிளக்கின் மண்ணெண்ணெய்க்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்த இவ்வமைப்பில் ஒரு தனிச் சுவை உண்டு. இம்முறை எதிர்பார்த்த பயனைத் தராமைக்கு வரி கொடுக்க மனமற்ற குடிகளே காரணம் என்று அதிகாரிகளும், அதிகாரமற்ற பஞ்சாயத்தின் மீது சுமையை மட்டும் ஏற்றிய சர்க்காரே காரணம் என்று தேசியவாதிகளும் கூறினர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம்.

வரி கொடுப்போரின் முணுமுணுப்பு இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1848-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், சாவு விகிதம் ஆயிரத்துக்கு 23-ஐத் தாண்டிய ஊர்களில் ஸ்தல சுகாதார போர்டை வலிந்து நிறுவ இடம் தந்தபோது எழுந்த எதிர்ப்பு, அதன் மூலகர்த்தா எட்வின் சாட்விக்கை 1854-இல் பதவியிழக்கச் செய்தது.

இந்திய மண்ணை ஒருமுறையும் மிதித்திராத பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், கிராமத்தில் தண்டும் செஸ் வரியிலிருந்து முதற்கண் துப்புரவுக்கு ஒதுக்கிய பின்னரே பிற செலவுகளைக் கவனிக்க வேண்டும் என்று 1892-இல் இந்திய மந்திரி கிராஸ் பிரபுவுக்கு எழுதினார். சாலைப் பணத்தில் கைவைக்க இயலாது என்பதே விடையின் சாரம். ஆனால் அவர் விடவில்லை. 1894-இல் புடாபெஸ்ட் சுகாதார மகாநாட்டுக்கு எழுதிய கட்டுரையிலும் இந்தியக் கிராமத் துப்புரவையே பொருளாகக் கொண்டார். அத்துப்புரவின் ஒரு பகுதியாகிய எடுப்புக் கக்கூஸ்களைச் சுத்தம் செய்யும் வேலை சில சாதியாரின் தலையில் சுமத்தப்பட்டிருந்ததை அக்காலச் சட்டங்கள் இயல்பான ஏற்பாடாகவே கொண்டன. அவ்வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்யும் மத்திய சட்டம் வர 1993 ஆயிற்று.

தாலுகா போர்டுகள் 1934-இல் ஒழிந்தன. இந்தியாவிலேயே முதலாவதான பொதுச் சுகாதாரச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-இல் இயற்றப்பட்டது. தாம்பரம் 1964-இல் நகராட்சியாயிற்று.

குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையிலும், பம்மல், நாகல்கேணிப் பக்கத்திலும் பெருகிய தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்தன. இவ்வூர்கள் அடங்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-இல் வந்தது. பல்லாவரம் பெரிய ஏரியிலும் சிட்லப்பாக்கம் ஏரியிலும் குப்பை கொட்டப்பட்டதை எதிர்த்து அவ்வூர்வாசிகள் பின்னர்ப் போராடினர்.

தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. பல்லாவரம் பகுதியில் 2024 டிசம்பரில் வயிற்றுப்போக்கால் பலர் பாதிக்கப்பட்டுச் சிலர் இறந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததே காரணம் என்று அப்பகுதிவாசிகள் கூற, அரசுத் தரப்பு அதை மறுத்தது. பாதிக்கப்பட்ட தெருக்களில் ஒரு பகுதி கண்டோன்மென்டைச் சேர்ந்தது. பரங்கிமலை–பல்லாவரம் கண்டோன்மென்ட் மாநகராட்சியில் சேராமல், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்த் தனி வாரியமாக அமைந்தது.