சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை

சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை என்பது, இந்தியாவில் சமயச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த, வருவாய் குறைந்த குடும்பங்களின் மாணவர்களுக்கு நடுவண் அரசின் சிறுபான்மையினர் நல அமைச்சகம் வழங்கிய கல்வி நிதியுதவியைக் குறிக்கும். இது பள்ளிப் படிப்பு உதவித்தொகை, பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை, தகுதி மற்றும் வருவாய் அடிப்படையிலான உதவித்தொகை என மூன்று திட்டங்களாக 2007-08 காலப்பகுதியில் தொடங்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரியில் சேர விரும்புவோருக்கும் பின்னிரண்டு திட்டங்களே முதன்மையானவை.

வரலாறு

இந்தியாவில் சிறுபான்மையினருக்குத் தனி உதவித்தொகை வேண்டும் என்ற கருத்து புதியதன்று. 1882இல் அமைக்கப்பட்ட அண்டர் கல்விக் குழு, முசுலிம்களின் கல்விக்குச் சிறப்பு ஊக்கமும் உதவித்தொகையும் தேவை எனப் பரிந்துரைத்தது. தென்னிந்தியாவில் இப்பணியில் சமூக அமைப்புகளும் ஈடுபட்டன. 1902இல் தோன்றிய தென்னிந்திய முசுலிம் கல்விச் சங்கம் அவற்றுள் ஒன்று.

நீதிபதி இராசிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2005இல் அமைக்கப்பட்டு, 2006 நவம்பரில் தன் அறிக்கையை அளித்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் முசுலிம்களிடையே எழுத்தறிவு 59.1 விழுக்காடாக இருந்ததையும், உயர்கல்வியில் அவர்களின் பங்கு மிகக் குறைவாக இருந்ததையும் அது சுட்டிக்காட்டியது. தமிழ்நாட்டு நிலை இதிலிருந்து வேறுபட்டது. இங்கு முசுலிம்களின் எழுத்தறிவு மாநிலச் சராசரியை விடக் கூடுதலாக இருந்தது. எனவே தமிழ்நாட்டில் சிக்கல் எழுத்தறிவில் அன்றி, பள்ளியிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் கட்டத்திலேயே பெரிதும் எழுந்தது.

சிறுபான்மையினர் நல அமைச்சகம் 2006 சனவரியில் உருவாக்கப்பட்டது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டத்தின் கீழ் மேற்கூறிய மூன்று உதவித்தொகைகளும் நடைமுறைக்கு வந்தன. பள்ளிப் படிப்பு உதவித்தொகை சமயத்தின் அடிப்படையில் வழங்கப்படுவதால் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தொடுக்கப்பட்ட வழக்கில், குசராத் உயர்நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2013இல் பெரும்பான்மைத் தீர்ப்பின் மூலம் அத்திட்டம் செல்லும் என்றது.

தகுதிகள்

1993இல் முசுலிம்கள், கிறித்தவர்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், பார்சிகள் ஆகியோர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். 2014 சனவரியில் சமணர்கள் சேர்க்கப்பட்டனர். தமிழ்நாட்டில் தெலுங்கு, கன்னடம், உருது முதலியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோரும் மொழிச் சிறுபான்மையினர் எனப்படுவதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. இத்திட்டங்கள் சமயச் சிறுபான்மையினருக்கு மட்டுமே உரியவை. தெலுங்கு பேசும் இந்து மாணவர் ஒருவர் இவற்றுக்குத் தகுதி பெறார்.

பொதுவான நிபந்தனைகள் பின்வருமாறு இருந்தன:

• முந்தைய ஆண்டின் இறுதித் தேர்வில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருத்தல் வேண்டும்.
• பெற்றோரின் ஆண்டு வருவாய் பள்ளி மேற்படிப்புத் திட்டத்துக்கு 2 இலட்சம் உரூபாய்க்கும், தகுதி மற்றும் வருவாய் திட்டத்துக்கு 2.5 இலட்சம் உரூபாய்க்கும் மிகாதிருத்தல் வேண்டும்.
• ஒரே குடும்பத்தில் இருவருக்கு மேல் வழங்கப்படாது.
• ஒரே நேரத்தில் வேறு அரசு உதவித்தொகை பெறுதல் கூடாது.
• 30 விழுக்காடு மாணவிகளுக்கு ஒதுக்கப்படும்.

உதவித்தொகை அளவு

பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை 11ஆம் வகுப்பு முதல் முனைவர் பட்டம் வரை வழங்கப்பட்டது. 11, 12ஆம் வகுப்புகளுக்குச் சேர்க்கை மற்றும் கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 7,000 உரூபாய் வரையிலும், இளநிலை, முதுநிலைப் பட்டப் படிப்புகளுக்கு 3,000 உரூபாய் வரையிலும் தரப்பட்டது. இவற்றுடன் பத்து மாதங்களுக்குப் பராமரிப்புப் படியும் உண்டு. திருத்தப்பட்ட விகிதத்தில் பட்டப் படிப்பு மாணவர் வீட்டிலிருந்து சென்று வந்தால் மாதம் 300 உரூபாயும், விடுதியில் தங்கினால் 570 உரூபாயும் பெற்றார்.

தகுதி மற்றும் வருவாய் திட்டம் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் உரியது. கல்விக் கட்டணம் 20,000 உரூபாய் வரை அளிக்கப்பட்டது. விடுதி மாணவருக்குப் பராமரிப்புப் படியும் சேர்த்து ஆண்டுக்கு அதிகபட்சம் 30,000 உரூபாயும், பிறருக்கு 25,000 உரூபாயும் கிடைத்தது. குறிப்பிட்ட 85 உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்கு முழுக் கட்டணமும் வழங்கப்பட்டது.

விண்ணப்பிக்கும் முறை

தொடக்கத்தில் விண்ணப்பங்கள் தாளில் பெறப்பட்டன. 2015இல் தேசிய உதவித்தொகை வலைவாசல் தொடங்கப்பட்ட பின், விண்ணப்பம் இணையவழியே பெறப்பட்டு, தொகை மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்பட்டது. மதிப்பெண் சான்றிதழ், வருவாய்ச் சான்றிதழ், சேர்க்கைச் சான்று, கட்டண இரசீது, ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியன தேவைப்பட்டன. சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு உறுதிமொழி போதுமானது. 18 வயது நிறையாத மாணவருக்குப் பெற்றோர் அதனை அளித்தனர்.

விண்ணப்பம் முதலில் மாணவர் பயிலும் நிறுவனத்தின் பொறுப்பு அலுவலராலும், பின்னர் மாவட்ட அல்லது மாநில அலுவலராலும் சரிபார்க்கப்பட்டது. நிறுவனம் சரிபார்க்காத விண்ணப்பம் அடுத்த நிலைக்குச் செல்லாது. குறையுள்ள விண்ணப்பங்கள் திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டன. குறித்த நாளுக்குள் திருத்தாவிடில் அவ்வாண்டின் வாய்ப்பு பறிபோனது. மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரோ முன்னெழுத்தோ வேறுபடுதல், ஆதாருடன் இணைக்கப்படாத வங்கிக் கணக்கு, காலாவதியான வருவாய்ச் சான்றிதழ் ஆகியவை தகுதியுள்ள மாணவரும் பணம் பெறாமற்போகக் கூடிய காரணங்களாகும். முன்னெழுத்தைப் பலவாறு எழுதும் வழக்கமுள்ள தமிழ்நாட்டில் முதற்காரணம் குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில்

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் கிறித்தவர் 6.12 விழுக்காடும் முசுலிம்கள் 5.86 விழுக்காடும் ஆவர். மாநிலச் சிறுபான்மையினர் நல இயக்ககம் 2007இல் ஏற்படுத்தப்பட்டது. மாவட்ட அளவில் ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம் இப்பணியைக் கவனிக்கிறது. கடலூர் மாவட்டத்தின் நெல்லிக்குப்பம், நெய்வேலி ஆகிய ஊர்களின் மாணவர்களுக்குக் கடலூரிலுள்ள அலுவலகமே உரியது.

வருவாய் வரம்பின் விளைவை இவ்வூர்களைக் கொண்டு விளக்கலாம். நெய்வேலி நகரியத்தில் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நிரந்தர ஊழியர்களின் ஊதியம் பொதுவாக இவ்வரம்பைக் கடந்துவிடும். ஒப்பந்தத் தொழிலாளர்கள், சர்க்கரை ஆலைக்குப் பெயர்பெற்ற நெல்லிக்குப்பம் பகுதியின் கரும்புத் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள் ஆகியோரின் பிள்ளைகளே பெரும்பாலும் வரம்புக்குள் வருவர். வீட்டிலிருந்து கடலூருக்குச் சென்று கலைப் பட்டம் பயிலும் மாணவர் ஒருவருக்குப் பள்ளி மேற்படிப்புத் திட்டத்தில் ஆண்டுக்குக் கிடைக்கக் கூடியதாக இருந்தது அதிகபட்சம் 6,000 உரூபாய். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவாதலால் அவருக்குப் பராமரிப்புப் படியே முதன்மையான உதவியாக இருந்தது.

தமிழ்நாட்டின் முசுலிம்களிலும் கிறித்தவர்களிலும் பெரும்பாலோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளமையால், மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். கிறித்தவ சமயத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகை வழங்குகிறது.

முறைகேடுகளும் திட்டங்களின் நிறுத்தமும்

2020இல் சார்க்கண்டு மாநிலத்தில் இடைத்தரகர்கள் மாணவர் பெயரில் உதவித்தொகையைக் கவர்ந்தமை செய்தித்தாள் ஒன்றின் ஆய்வால் வெளிவந்தது. 2023இல் நடுவண் அமைச்சகம் ஆராய்ந்த 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை அல்லது இயங்காதவை எனக் கண்டறியப்பட்டது. 2017-18 முதல் 2021-22 வரை இதனால் ஏற்பட்ட இழப்பு 144.83 கோடி உரூபாய் எனக் கணிக்கப்பட்டு, நடுவண் புலனாய்வுச் செயலகம் வழக்குப் பதிந்தது.

இதற்கிடையே திட்டங்களும் சுருக்கப்பட்டன. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் இலவசக் கல்வி உண்டு எனக் கூறி, பள்ளிப் படிப்பு உதவித்தொகை 2022-23 முதல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் எனக் குறைக்கப்பட்டது. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வுதவித் தொகையும், வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கான வட்டி மானியமும் அதே ஆண்டு முதல் நிறுத்தப்பட்டன. மூன்று முதன்மைத் திட்டங்களுக்கும் 2021-22 வரையே ஒப்புதல் இருந்ததாக அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. போலி நிறுவனங்களின் குற்றத்துக்கு உண்மையான மாணவர்கள் விலை கொடுக்க நேர்ந்தது என்பது இந்நடவடிக்கைகளின் மீதான முதன்மையான விமர்சனமாகும்.

பிற வாய்ப்புகள்

சமய வேறுபாடின்றி வழங்கப்படும் உதவிகள் சில:

• நடுவண் துறை உதவித்தொகை: 12ஆம் வகுப்பில் தத்தம் தேர்வு வாரியத்தின் முன்னணி 20 விழுக்காட்டினருள் இருப்போருக்கு, குடும்ப வருவாய் 4.5 இலட்சத்துக்கு மிகாதிருப்பின், பட்டப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 உரூபாய்.
• பிரகதி: தொழில்நுட்பப் படிப்பில் சேரும் மாணவிகளுக்கு ஆண்டுக்கு 50,000 உரூபாய். வருவாய் வரம்பு 8 இலட்சம்.
• புதுமைப்பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024): அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேர்ந்தோருக்கு மாதம் 1,000 உரூபாய் வழங்கத் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டங்கள்.

இவற்றையும் பார்க்கவும்

• சச்சார் குழு
• தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்
• கடலூர் மாவட்டம்