ஒஸ்தா மாமி விட்டுப்போன பாதி வேலை



நம் ஊரில் ஒரு மௌத்து நடந்தால் அந்த வீட்டார் தடுமாற வேண்டியதில்லை. பள்ளியில் அறிவித்தல் போகும். சங்கத்திலிருந்து கபன் துணியும் சந்தூக்கும் வரும். கபுறு வெட்ட ஆள் இருக்கும். பெண் மையித்து என்றால் குளிப்பாட்டத் தெரிந்த தாய்மார் சொல்லாமலே வந்து நிற்பார்கள். இதற்காக நாம் சந்தா கட்டுகிறோம். பக்கத்துத் தோட்டங்களிலும் சிங்களக் கிராமங்களிலும் மரண உதவிச் சங்கம் இல்லாத இடம் அரிது.

ஒரு வீட்டில் பிள்ளை கிடைத்தால் என்ன ஏற்பாடு இருக்கிறது? "அதுதான் ஆஸ்பத்திரி இருக்கே" என்போம். ஆஸ்பத்திரி சில நாளில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும். நாற்பது நாளில் மிச்சம் உள்ளதெல்லாம் யார் பொறுப்பு?

நம் முன்னோரிடம் இதற்குப் பதில் இருந்தது. அந்தப் பதில் எப்படி வந்தது, எங்கே தொலைந்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

*மூன்று சமூகம், ஒரே வேலை*

பிள்ளைகளுக்குத் தலைமுடி இறக்குவதும் சுன்னத்துச் செய்வதும் ஒஸ்தாவின் வேலை. அவருடைய மனைவி ஒஸ்தா மாமி. பிரசவம் பார்த்தது அவர்தான். தமிழர்கள் அவரை மருத்துவச்சி என்றார்கள். தோட்டத்து லயங்களிலும் அந்தப் பெயர்தான். சிங்களக் கிராமத்தில் வின்னம்பு அம்மா. பெயர்தான் வேறு, வேலை ஒன்று.

அந்த வேலை பிள்ளை பிறந்ததோடு முடிவதில்லை. தாய்க்கு வேது வைத்துக் குளிப்பாட்ட வேண்டும். வயிற்றைத் துணியால் கட்ட வேண்டும். காயச் சரக்கு இடித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் பூசி ஊற்ற வேண்டும். பால் கட்டினால் பார்க்க வேண்டும். தலைப்பிள்ளைக்காரி இரவில் அழுதால் பக்கத்தில் இருந்து "எல்லாருக்கும் இப்படித்தான் மகள்" என்று சொல்ல வேண்டும்.

இந்த வேலையை அறிஞர்கள் பொருட்படுத்தவில்லை என்று நினைக்க வேண்டாம். இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில் மருத்துவச்சித் தொழிலுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. மனித சமூகத்துக்குத் தவிர்க்க முடியாத கைத்தொழில்களில் ஒன்றாக அதை வைக்கிறார். பிள்ளையை எடுப்பதோடு நிறுத்தாமல், பிறகு தாயையும் பிள்ளையையும் கவனிப்பதையும் அந்தத் தொழிலுக்குள்ளேயே சேர்க்கிறார். பால்குடி மறக்கும் வரை பிள்ளைக்கு வரும் நோய்களை மருத்துவச்சி வைத்தியரை விட நன்றாக அறிவாள் என்பது அவர் கருத்து.

ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு குறை இருந்தது. ஒஸ்தா குடும்பத்தை நாம் தேவைக்கு அழைத்தோம், சம்பந்தத்துக்கு அழைக்கவில்லை. தமிழர் மத்தியிலும் மருத்துவச்சி பெரும்பாலும் முடிதிருத்தும் சாதிப் பெண்தான். கூலியாக அரிசி, வெற்றிலை, ஒரு சேலை, கையில் கொஞ்சம் காசு. விலை பேசும் உரிமை அவருக்கு இல்லை. கொடுப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டும். தன் மகள் இந்த வேலைக்கு வர வேண்டாம் என்று அந்தத் தாய் நினைத்தால் அதில் என்ன பிழை?

*அரசாங்கம் எடுத்த பாதி*

பழைய காலத்தைப் புகழ்கிறோம் என்று யாரும் நினைக்கக் கூடாது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஆயிரம் பிரசவத்தில் இருபது ஜனாஸா. 1934-35 மலேரியாக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். பழைய கத்தி, கழுவாத கை, நிற்காத இரத்தம். ஒஸ்தா மாமியின் அனுபவத்தால் தடுக்க முடியாத மரணங்கள் இவை.

இதை மாற்றியது அரசாங்கத்தின் நீண்ட உழைப்பு. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ மனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் ரொக்ஃபெலர் மன்றத்தின் உதவியோடு நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பதை விட்டு, வீடு தேடிப் போய் நோயைத் தடுப்பது அதன் வழி. பயிற்சி பெற்ற மருத்துவ மாது கர்ப்பிணியின் வாசலுக்குப் போகும் வழக்கம் அங்கிருந்துதான் பரவியது. 1927இன் வைத்தியக் கட்டளைச் சட்டம் மருத்துவ மாதுக்களின் பதிவுக்கும் வழி செய்தது.

பலன் என்ன? 1950 அளவில் அந்த 2000 என்ற எண் 600க்கும் கீழே வந்தது. அதற்குப் பிறகும் குறைந்துகொண்டே போய், அண்மைய ஆண்டுகளில் பொதுவாக 30ஐ ஒட்டி நிற்கிறது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலையில்தான். உலக வங்கி 2003இல் இலங்கையையும் மலேசியாவையும் எடுத்து, பணக்கார நாடாக இல்லாமலே தாய்மாரை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று ஒரு நூலே வெளியிட்டது.

தோட்டங்களின் கதை வேறு. நமக்குப் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை வைத்தார். நம் மலைகளெல்லாம் அதன் பிறகு தேயிலை மலைகள் ஆயின. 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண்ணுக்குச் சம்பளத்தோடு ஓய்வு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது அப்போதுதான். ஓய்வுக்குக் காசு கிடைத்தது. ஆனால் லயத்துக் காம்பராவில் அவளுக்குச் சுடுதண்ணீர் வைக்கும் கை யாருடையது என்று சட்டம் சொல்லவில்லை.

*கீழே விழுந்த மறுபாதி*

ஒஸ்தா மாமியின் வேலையில் இரண்டு பாதி இருந்தது. பிள்ளையை எடுப்பது ஒன்று. தாயோடு இருப்பது மற்றது. முதல் பாதியை அரசாங்கம் எடுத்தது, சரியாக எடுத்தது. இரண்டாவது பாதியை யாரும் எடுக்கவில்லை.

குடும்ப நல உத்தியோகத்தர் வருகிறார். நாம் மிட்வைஃப் மிஸ் என்று சொல்பவர்தான். நம் எல்லாருடைய நன்றிக்கும் உரியவர். ஆனால் ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வேலை செய்பவர், ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா?

முன்பு உம்மும்மா இருந்தார், சாச்சி இருந்தார். 1970களின் கடைசியிலிருந்து நம் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். இப்போது மகளுக்குப் பிள்ளை கிடைக்கும் நேரத்தில் உம்மா ரியாத்திலோ குவைத்திலோ வேறொருவரின் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். 2016இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பில் மூன்றில் ஒன்றுக்கு நெருக்கமான பிரசவங்கள் சிசேரியன். தையலோடு வீட்டுக்கு வருபவளால் தண்ணீர் வாளி தூக்க முடியாது.

ஆசிரியர்களான எங்களுக்கு இது இன்னொரு பக்கத்தில் தெரியும். பத்தாம், பதினோராம் ஆண்டில் படிக்கும் பெண்பிள்ளை இரண்டு வாரம் பாடசாலைக்கு வராவிட்டால் காரணம் கேட்போம். "ராத்தாவுக்குப் பிள்ளை கிடைச்சிருக்கு சேர்." ஒஸ்தா மாமி விட்டுப்போன வேலை இப்போது பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில், அதுவும் சாதாரண தரப் பரீட்சை வருடத்தில்.

*வெளியுலகம் இதற்கு ஒரு பெயர் வைத்தது*

டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1973இல் தாய்ப்பால் பற்றி எழுதிய நூலில், தாய்க்குத் துணை நிற்கும் பெண்ணை 'டூலா' என்றார். பணி செய்யும் பெண் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல் அது. டூலா பிரசவம் பார்ப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பார். முதுகைத் தடவுவார், தண்ணீர் கொடுப்பார், பால் கொடுக்கப் பழக்குவார்.

1980இல் குவாத்தமாலா வைத்தியசாலை ஒன்றில் செய்த ஆய்வு வெளியானது. முன்பின் தெரியாத ஒரு பெண் பக்கத்தில் இருந்ததாலேயே பிரசவ நேரம் குறைந்தது, சிக்கல்களும் குறைந்தன. 2017இல் 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். தொடர்ந்து துணை இருந்தவர்களுக்குச் சுகப் பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு. 2018இல் உலக சுகாதார நிறுவனம், பிரசவிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் விரும்பும் ஒரு துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் உம்மும்மாமாருக்கு ஆய்வு இல்லாமலே தெரிந்த விடயம். ஆனால் வெளிநாட்டில் இது கட்டணம் உள்ள தொழில். நம் ஊரில் "உதவி".

*கூலி கேட்பது குறை இல்லை*

பிரச்சினையின் மையம் இங்கேதான் என்று நினைக்கிறோம். நம் ஊரில் இன்றும் இந்த வேலை தெரிந்த தாய்மார் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள். போகும்போது என்ன கொடுப்பது என்று நமக்குத் தெரியாது, எவ்வளவு கேட்பது என்று அவர்களுக்கு வெட்கம். கடைசியில் ஒரு கவரில் ஏதோ வைத்துக் கொடுக்கிறோம். இரண்டு வருடத்தில் அந்தத் தாய் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கே அதற்கான கூலியைக் கொடுங்கள் என்று ஸூரத்துத் தலாக்கில் அல்லாஹ் சொல்கிறான். பாலுக்கே கூலி உண்டு என்றால், தாயைக் கவனிக்கும் கைக்கு இல்லையா?

நெதர்லாந்தில் பிள்ளை பிறந்ததும் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் சுமார் எட்டு நாள் வீட்டுக்கு வருவார். செலவின் பெரும்பகுதி காப்புறுதியில் போகும், ஒரு பகுதியைக் குடும்பம் கட்டும். மலேசியா 1966இன் சட்டத்தின் கீழ் கிராமத்து 'பிடான்' பெண்களைப் பதிவு செய்தது. பிரசவம் படிப்படியாக அரசாங்க மருத்துவ மாதுக்களின் கைக்குப் போனது. உடம்பு பிடித்துவிடுவதும் பேற்றுக்குப் பிந்திய கவனிப்பும் பிடான்களிடம் நின்றது. இரண்டு பாதியையும் பிரித்து, இரண்டுக்கும் ஆள் வைத்தார்கள். நாம் ஒன்றுக்குத்தான் வைத்தோம்.

*நம் ஊரில் என்ன செய்யலாம்?*

தனியாக ஒரு பெண் இதைத் தொழிலாக எடுத்தால் ஒரு மாதம் மூன்று வீடு, அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. அதனால்தான் நிலைப்பதில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்தால் கணக்கு மாறும். ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் போவார். வருமானத்தில் ஒரு பங்கு பொதுப்பணமாக நிற்கும், வேலை இல்லாத மாதத்தில் கைகொடுக்கும். சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நம் பெண்களுக்கு இது புதிதல்ல. இலங்கையின் முதல் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் 1906இல் தொடங்கியதும் நம் கண்டி மாவட்டத்துத் தெல்தெனியப் பக்கத்தில்தான்.

எங்கள் யோசனைகள் இவை:

1. வேலை தெரிந்த தாய்மாரை ஒன்றுசேர்ப்போம். முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று பிரிக்க வேண்டாம். முன்பும் இந்த வேலை பிரிந்திருக்கவில்லை.

2. சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் பேசி, மிட்வைஃப் மிஸ்மாரிடம் அடிப்படைப் பயிற்சி கேட்போம். இரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி, கால் வீக்கம், பிள்ளை மஞ்சளாவது, பால் குடிக்காமல் இருப்பது. இவற்றைக் கண்டால் வேது வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே வைத்தியசாலை.

3. செய்யக் கூடாதவற்றையும் எழுதி வைப்போம். பிரசவம் பார்ப்பதில்லை, மருந்து கொடுப்பதில்லை. பெண் குழந்தைகளுக்குக் கத்னா செய்வதும் பழைய ஒஸ்தா மாமியின் கையில் இருந்த ஒன்று. வைத்தியத் துறையினர் அதைச் செய்யக் கூடாது என்று சுகாதார அமைச்சு 2018இல் சுற்றறிக்கை விட்டது. அது திரும்பி வர வேண்டாம்.

4. கட்டணத்தை வெளிப்படையாக வைப்போம். ஒரு நாளுக்கு இவ்வளவு, ஏழு நாளுக்கு இவ்வளவு. வசதி உள்ளவர் முழுதாகக் கட்டட்டும். கட்ட முடியாத தாயின் கையில் ஸகாத் போய்ச் சேரட்டும், அவர் அதிலிருந்து கட்டட்டும். அப்போது வேலை செய்பவருக்கும் குறையாது, தாய்க்கும் தலை குனியாது.

5. நம் ஜனாஸா சங்கங்கள் சந்தாவில் ஒரு சிறு பங்கைப் பிறப்புக்கும் ஒதுக்க முடியுமா என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசட்டும்.

சங்க நிர்வாகிகள் இதை வாசித்தால் கருத்துப் பகுதியில் பதில் போடுங்கள். மற்றவர்கள், உங்கள் வீட்டில் நாற்பது நாள் பார்த்தவர் யார், அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று உம்மும்மாவிடம், பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். அந்தத் தாய்மாரின் வரலாறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் கையால் குளிப்பாட்டிய பிள்ளைகள்தான் இப்போது ஊரில் நரைத்த தலையோடு நடக்கிறார்கள்.

அல்லாஹ் அவர்கள் எல்லாருடைய உழைப்பையும் கபூல் செய்வானாக. ஆமீன்.