மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

யாழ்ப்பாணத்து வளி மாசைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போது பலரும் கடலுக்கு அப்பால்தான் கைகாட்டுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நிலைகொண்டிருந்தபோது, இந்தியப் பெருநிலத்தின் தூசும் புகையும் இலங்கையை மூடின. டிசெம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வடகீழ்ப் பருவக்காற்றோடு வரும் மாசுக்குக் குடாநாடே முதல் வாசற்படி. ஆயினும் இந்த மண்ணுக்குச் சொந்தப் புகையும் உண்டு; அதற்கொரு வரலாறும் உண்டு.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தோன்றியது. சுண்ணக்கல்லைச் சுடும்போது எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, கல்லுக்குள்ளிருந்தே காபனீரொட்சைட்டு வெளியேறும். அக்காலத்தில் அதனை யார் எண்ணினார்கள்? தொழிற்சாலை என்றால் வேலைவாய்ப்பு, பெருமை, அவ்வளவே. 1990இல் போர் அதனை நிறுத்தியது.

அதே ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் மறைந்தன. இந்த இடத்தில்தான் எங்கள் கராச்காரர்கள் மண்ணெண்ணெயைக் கையில் எடுத்தார்கள். தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஏற்கெனவே அதில்தான் ஓடின. ஆகவே வித்தை புதிதன்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. எனவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அவை இதனைத் தாங்கின. புதிய கார் வைத்திருந்தவர்தான் பாவம், சைக்கிளுக்கு இறங்கினார். முழுதாக எரியாத எண்ணெய், கண்ணைக் கரிக்கும் புகையாகப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

வீதியில் ஓடிய கார்கள் மிகச் சிலவே. பெரும் புகை வீட்டுக்குள் இருந்தது. சில துளி எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, ஜாம் போத்தலில் வைத்துத் திரியேற்றிய சிறு விளக்கின்முன் ஒரு தலைமுறையே பரீட்சைக்குப் படித்தது. காலையில் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுக்கும். சாதாரணத் திரிவிளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் கரும்புகைத் துகளாக மாறுகிறது என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. இத்துகள் சுவாசப்பையையும் கெடுக்கிறது. சூரிய வெப்பத்தை உறிஞ்சி வளிமண்டலத்தையும் சூடாக்குகிறது. காபனீரொட்சைட்டு நூற்றாண்டுகள் தங்கும். இதுவோ சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். எனவே இதைக் குறைத்தால் பலன் விரைவில் தெரியும்.

உலகில் மிகக் குறைவாக எரிபொருள் எரித்த மக்களில் நாங்களும் அடக்கம். ஆனால் எரித்த சிறிதளவையும் மூடிய அறைக்குள் மூச்சாக இழுத்தோம். இன்று இருமலோடு வரும் ஐம்பது வயதுக்காரரிடம் புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று விசாரிக்கும் வைத்தியர்கள், உயர்தரப் பரீட்சைக்கு எந்த ஆண்டு, எந்த விளக்கில் படித்தீர்கள் என்றும் கேட்பது நல்லது.

2009இல் ஏ-9 பாதை மீண்டும் திறந்தபின் வந்த கதை சுருக்கமானது. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, சொகுசுப் பேருந்து எனப் பல ஆண்டுப் பசி ஒருசேரத் தீர்ந்தது. அதனை நான் குறைசொல்ல மாட்டேன். எனக்குப் பொறுக்காதது, கல்லுண்டாய்க் குப்பைமேட்டில் அவ்வப்போது மூளும் தீயும், வளவுகளில் சருகோடு சேர்த்துப் பொலித்தீனைக் கொளுத்தும் வழக்கமும்தான். அந்தப் புகை எந்தக் கடலையும் தாண்டி வரவில்லை.