டோல்மன்–எரென்ஃபெஸ்ட் விளைவு

ஈர்ப்புப் புலத்தில் வெப்பச் சமநிலையை எட்டிய பொருளின் வெப்பநிலை எங்கும் ஒன்றாக இராது. மேற்பகுதியைவிட அடிப்பகுதி சற்றுச் சூடாக இருக்கும். பொதுச் சார்பியலிலிருந்து பிறக்கும் இம்முடிவே டோல்மன்–எரென்ஃபெஸ்ட் விளைவு. ரிச்சர்ட் டோல்மன் 1930இல் இதை வருவித்தார். அதே ஆண்டில் பால் எரென்ஃபெஸ்ட்டுடன் சேர்ந்து விரிவுபடுத்தினார்.

மேலும் கீழும் வெப்பநிலை வேறென்றால், இடையில் ஓர் எந்திரத்தை வைத்து ஓயாமல் வேலை வாங்கலாமே, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்னாவது? இக்கேள்வி சார்பியலைவிடப் பழையது. மேலெழும் மூலக்கூறு வேகம் இழப்பதால் வாயுத் தம்பத்தின் உச்சி குளிர்ந்திருக்கும் என்று 1870களில் இயற்பியலாளர் லோஷ்மிட் வாதிட்டார். மேக்ஸ்வெல்லின் வாதம் இதற்கு நேர் எதிர். வெவ்வேறு வாயுக்கள் நிறைந்த இரு தம்பங்களை அடியில் ஒரே வெப்பநிலையில் வைத்தால், வாயுவுக்கு வாயு வெப்பநிலைச் சரிவு மாறுபடுவதால் உச்சிகளின் வெப்பநிலை வேறுபடும். அந்த வேறுபாட்டைக் கொண்டு எந்திரம் ஓட்டலாம். அது நடவாது என்பதால் சரிவும் இல்லை என்றார் அவர்.

டோல்மன் கண்ட சரிவு இந்த வாதத்தில் சிக்குவதில்லை. ஆற்றலுக்கு நிறை உண்டு. எனவே வெப்பத்துக்கும் எடை உண்டு. அந்த எடை வெப்பத்தின் அளவைப் பொறுத்ததேயன்றி, அதைத் தாங்கும் பொருளைப் பொறுத்ததன்று. ஆகவே எல்லாப் பொருள்களிலும் சரிவு ஒன்றே, உச்சிகளில் வேறுபாடு எழாது. கீழிருந்து மேலே வரும் வெப்பம் வழியிலேயே ஆற்றலை இழக்கிறது. எந்திரம் ஈட்டக்கூடிய வேலையும் அந்த இழப்பும் சரிசமம். ஓரிடத்தின் வெப்பநிலையை அங்குள்ள கடிகாரம் ஓடும் வேகத்தால் பெருக்கினால் எங்கும் ஒரே எண் வரும் என்பது இவ்விதியின் சுருக்கம்.

மேலேறும் ஒளி ஆற்றல் இழப்பதை பவுண்டும் ரெப்காவும் 1960இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் அளந்தனர், 22.5 மீட்டர் உயரத்துக்கு மாற்றம் ஏறத்தாழ 4 கோடி கோடியில் 1 பங்கு. வெப்பநிலைச் சரிவும் அதே விகிதம்தான். அறை வெப்பநிலையில், கிலோமீட்டருக்கு ஒரு டிகிரியில் சுமார் 3,000 கோடியில் 1 பங்கு. மலையேறும்போது உணரும் குளிருக்கு இதனோடு தொடர்பில்லை. வளிமண்டலம் சமநிலையிலேயே இல்லை.

நியூட்ரான் விண்மீன்களில் கதை வேறு. சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையும் 12 கிலோமீட்டர் ஆரமும் கொண்ட ஒன்றின் மேற்பரப்பு வெப்பநிலை, தொலைவிலிருந்து அளக்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத் தெரியும்.